உறைந்த ஏரியில் தூண்டில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிய உரைகளுக்கு நடுவே, உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கும் தொழிலைப் பற்றிய உரை ஒன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். புலம்பெயர்ந்தோர் எழுத்தில் பனிநிலத்தை 'ஆறாம் திணை' என்று குறிக்கும் வழக்குத் தோன்றி ஆண்டுகள் பலவாகிவிட்டன. வழக்கு அழகியதே. ஆனால் திணை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குக் கருப்பொருள் வேண்டும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியர் வகுத்து வைத்திருக்கிறார். இதுகாறும் எழுதப்பட்ட பனிக் கவிதைகள் பலவற்றில் பனி வெண்மையாக இருக்கிறது, குளிராக இருக்கிறது, தனிமையாக இருக்கிறது, அவ்வளவே. அந்நிலத்தார் குளிர்காலத்தில் எதை உண்கின்றனர், எந்த மீனை எவ்வாறு பிடிக்கின்றனர், எங்கே கால் வைக்க அஞ்சுகின்றனர் என்பவை அவற்றுள் அரிதாகவே தென்படுகின்றன. நெய்தல் பாடிய புலவன் சுறாவுக்கும் இறாவுக்கும் அயிரைக்கும் வேறுபாடு அறிந்தவன். அவ்வறிவை ஒதுக்கிவிட்டு நெய்தலின் இரங்கலை மட்டும் எடுத்துக்கொள்ள இயலாது. ஆகவே இவ்வுரை ஒரு மீனைப் பற்றியும், அதைப் பிடிக்கத் தொடங்கும் ஒருவர் அறிய வேண்டியவற்றைப் பற்றியும் பேசுகிறது. உவமை தேடுவோர் தாமே தேடிக்கொள்ளலாம்.

இடம், அமெரிக்காவின் வட எல்லையில் கனடாவை ஒட்டி அமைந்த மினசோட்டா மாநிலம். 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அம்மாநிலத்தில், பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெருமை பேசுவோர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது உலகில் அரிய நிகழ்ச்சி. அவற்றுள் மில் லாக்ஸ் என்னும் ஏரி ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஆனால் அதன் மிக ஆழ்ந்த இடமே 42 அடிதான். பிரெஞ்சுக்காரர் இட்ட பெயருக்கு 'ஆயிரம் ஏரிகள்' என்று பொருள். அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த ஓஜிப்வே மக்கள் அதைப் பேரேரி என்ற பொருளில் 'மிசி-சாகஇகன்' என்கின்றனர். குளிர்காலம் முதிர்ந்ததும் இந்த ஏரியின்மேல் மரக்குடில்கள் வரிசை வரிசையாக எழும். குடில்களுக்கு இடையே பனியை வாரி ஒதுக்கிப் பாதை அமைப்பார்கள். பாதையில் மோட்டார் வண்டிகள் ஓடும். வசந்தம் வருமுன் அவை அனைத்தும் கரைக்கு இழுத்துவரப்பட்டுவிடும். ஆண்டுதோறும் தோன்றி மறையும் ஊர் அது.

மீனின் பெயர் வால்ஐ. தமிழ்ச் செவிக்கு இப்பெயர் இரண்டு மயக்கங்களைத் தருகிறது. வாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டு ஆறு குளங்களில் உள்ள வாளைக்கும் இது உறவன்று. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வெளிறி ஒளி மங்கியதுபோல் தோன்றும் கண்ணைக் குறிப்பது. தமிழில் 'பூ விழுந்த கண்' என்பார்களே, அதற்கு மிக அருகில் நிற்பது. அறிவியலார் இட்ட 'சாண்டர் விட்ரியஸ்' என்னும் பெயரிலும் இரண்டாம் சொல்லுக்குக் கண்ணாடி போன்றது என்றே பொருள். கனடாவில் பலர் இதனைப் 'பிக்கரல்' என்கின்றனர். உண்மையில் பிக்கரல் என்பது வேறு குலத்து மீன். கியூபெக்கின் பிரெஞ்சு மொழியாளர் பொன்னிறத்தது என்ற பொருளில் 'டோரே' என்பர். ஓஜிப்வே மொழியில் 'ஓகா'. ஒருவர் கண்ணைப் பார்த்தார், ஒருவர் நிறத்தைப் பார்த்தார், ஒருவர் தவறாகப் பார்த்தார் என்று இப்பெயர்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பூ விழுந்ததுபோல் தோன்றும் இக்கண் குருடன்று. இருளுக்கென்றே அமைந்த கண். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு உண்டு. ஒருமுறை உள்ளே சென்ற ஒளி அதில் பட்டு மீண்டும் விழித்திரையைக் கடக்கிறது. ஆகவே மிகச் சிறிய வெளிச்சமும் இருமுறை பயன்படுகிறது. இரவில் விளக்கொளி பட்டால் மாட்டின் கண்ணும் பூனையின் கண்ணும் மின்னுவது இக்காரணத்தால்தான். வால்ஐ இரையாகக் கொள்ளும் சிறு மீன்களுக்கு இவ்வசதி இல்லை. நண்பகலில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். அந்தியில் ஒன்று பார்க்கும், மற்றொன்று தடுமாறும். ஆகவே இம்மீன் இரைதேடும் சிறுபொழுதுகள் வைகறையும் மாலையும். நெய்தலுக்கு எற்பாடு வகுத்தவர்கள் இதனைக் கேட்டால் பெரிதும் வியந்திருக்க மாட்டார்கள். புதியவர்கள் பலர் காலை பத்து மணிக்கு ஏரிக்குச் சென்று, பிற்பகல் மூன்றரைக்குக் கை விறைத்துத் திரும்பிவிட்டு, மீனே இல்லை என்று சொல்வார்கள். அவர்கள் கரையேறிய பின்னரே மீன் எழுந்து வந்திருக்கும்.

இனி நிலம். இங்கு நிலம் என்பதும் நீரே.

நீர் நான்கு பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி கொள்கிறது. அதைவிடக் குளிர்ந்தால் அடர்த்தி குறைந்து மேலே வருகிறது. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரக் கனத்து அடியில் தங்கும். நீர் மட்டும் இந்த ஒரு குணத்தால் மேலிருந்து உறைகிறது. இல்லையேல் ஏரி அடியிலிருந்து உறைந்து முழுக் கட்டியாகிவிடும். மீனும் இராது, மீன்பிடிப்பவரும் இரார். மேலே ஓடு கட்டியபின் அது கீழ்நோக்கி வளர்கிறது. அதன்மேல் புதுப்பனி பொழிந்தால் ஓடு விரைந்து தடிக்கும் என்று புதியவர் நினைப்பார். நேர்மாறானதே நடக்கும்: பொழிந்த பனி கம்பளிபோல் மூடி, குளிர் உள்ளே இறங்காதபடி தடுத்துவிடும். வெள்ளை வெளேரென்று உறுதியாகத் தோன்றும் இடத்தின் கீழ் ஓடு மெலிந்திருப்பது இதனால்தான்.

இங்கே சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது. தமிழில் 'பனி' என்பது முதலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. முன்பனி, பின்பனி என்னும் பருவப் பெயர்களில் இருப்பது அதுவே. பிறகு மூடுபனிக்கும், வானிலிருந்து பொழியும் வெண்துகளுக்கும், உறைந்த ஏரியின் ஓட்டுக்கும் அதே சொல்லை நீட்டிக்கொண்டோம். மார்கழி மாலையைப் பாடுவதற்கு அது போதும். ஏரியின்மேல் நடப்பவருக்குப் போதாது. அடியிலுள்ள இருண்ட நீர் தெரியுமளவு தெளிவாக உறைந்தது ஒன்று. அதைக் கரும்பனி எனலாம். வலிமையில் தலையாயது அதுவே. விழுந்த பனி நீரில் ஊறிப் பின் உறைந்து, உள்ளே காற்றுக் குமிழ்கள் சிறைப்பட்டது வெண்பனி. அதன் வலிமை கரும்பனியில் ஏறத்தாழப் பாதி. ஓட்டின்மேல் நீரும் பனியும் கலந்து கஞ்சிபோல் கிடப்பது கூழ்ப்பனி. வசந்தத்தில் வெயில் பட்டு, செங்குத்தான நீண்ட படிகங்களாகப் பிரிந்து, ஓர் அடி தடிப்பு இருந்தும் மெழுகுவத்திக் கட்டுபோல் சரிந்துவிடுவது மற்றொன்று. அதற்கு ஆங்கிலத்திலும் மெழுகுவத்தியின் பெயரே. நான்கு சொற்களையும் ஒரே சொல்லாகப் பேசுபவர் முதல் பருவத்திலேயே நனைவார்.

மினசோட்டாவின் இயற்கை வளத்துறை தரும் அளவுகள் இவை. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டில் காலே வைக்கலாகாது. நான்கு அங்குலத் தெளிந்த புதுப்பனி நடப்பவரைத் தாங்கும். ஸ்னோமொபைலுக்கு ஐந்து முதல் ஏழு அங்குலம். சிறிய காருக்கு ஒன்பது அல்லது பத்து. நடுத்தரமான சரக்கு வண்டிக்குப் பதின்மூன்று. வெண்பனியாயின் இவ்வளவுகளை இரட்டிக்க வேண்டும். அத்துறையே, எந்தப் பனியும் நூற்றுக்கு நூறு பாதுகாப்பானதன்று என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஒரே ஏரியில் ஓரிடம் ஓரடியும் அதனை அடுத்த இடம் மூன்று அங்குலமும் இருக்கும். ஊற்றுக்கண், ஆறு வந்து கலக்கும் முகத்துவாரம், இரு பகுதிகளை இணைக்கும் குறுகிய நீர்வழி, நாணல் அடர்ந்த ஓரம் ஆகிய இடங்களில் எக்காலத்தும் ஐயம் வேண்டும்.

ஆகவே தொடங்குபவரின் முதற்கருவி தூண்டில் அன்று, கடப்பாரை. கரையில் கால் வைப்பதற்கு முன்பே முன்னால் ஓங்கிக் குத்திப் பார்க்க வேண்டும். இரண்டு குத்துக்கு நீர் வந்துவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நூற்றைம்பது அடிக்கு ஒருமுறையேனும் துளையிட்டு அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த கருவி, இரண்டு மரப்பிடிகளில் கூரிய ஆணி பதித்துக் கயிற்றால் இணைத்துக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிடும் பற்றுமுள். அதனைப் பையில் வைத்திருப்பவர் அது இல்லாதவரே. நீரில் விழுந்தபின் பையைத் திறக்கக் கை இசையாது. விழுந்தவர், வந்த திசைக்கே திரும்ப வேண்டும். தம்மைத் தாங்கி வந்த பனி அந்தப் பக்கந்தான் இருக்கிறது. ஆணிகளைக் குத்தி, கால்களை நீந்துவதுபோல் உதைத்து, வயிற்றால் மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

குளிர்நீர் உடலை என்ன செய்கிறது என்பதைக் கனடாவின் மனிதோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் தம் உடலையே உறைநீரில் இறக்கிப் பலமுறை ஆய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று-பத்து-ஒன்று எனப்படும். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கு அடங்காது. அந்நேரத்தில் செய்ய வேண்டியது தலையை நீருக்கு மேல் வைத்து மூச்சை அடக்குவது மட்டுமே. அடுத்த பத்து நிமிடம் கையும் காலும் சொன்னபடி கேட்கும். வெளியேறும் முயற்சி அதற்குள் முடிய வேண்டும். நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். விழுந்தவுடன் இறந்துவிடுவோம் என்ற அச்சமே பலரை முதல் நிமிடத்தில் கொன்றுவிடுகிறது. மிதவைச் சட்டை அணிந்தவருக்கு அந்த முதல் நிமிடம் எளிதாகக் கடக்கும். இவை எல்லாம் அச்சுறுத்தச் சொல்பவை அல்ல. இந்நிலத்தில் பிறந்த சிறுவர்கள் பள்ளி வயதிலேயே கேட்டு வளரும் பாடங்கள்.

அனுபவம் உடையவர்களும் தவறுகிறார்கள். மேல் ரெட் லேக் என்னும் ஏரி ஆழங்குறைந்தது. ஆகவே மாநிலத்தில் முந்தி உறைவனவற்றுள் ஒன்று. முந்திச் செல்ல விரும்புவோர் அங்கே குவிவார்கள். 2022 நவம்பர் இறுதியில் காற்றில் பனிப்பரப்பு பிளந்து விலக, ஏறத்தாழ இருநூறு பேர் மிதக்கும் தட்டின்மேல் சிக்கிக்கொண்டனர். 2023 டிசம்பர் இறுதியில் மீண்டும் அதே ஏரியில் நூற்றுக்கு மேற்பட்டோர். இருமுறையும் மீட்கப்பட்டனர். அந்த 2023-24 குளிர்காலம் மினசோட்டாவில் வரலாறு காணாத வெப்பக் குளிர்காலம்; பல ஏரிகளில் குடில்கள் எழவே இல்லை.

ஓட்டின்மேல் முதன்முறை நிற்பவரைக் கலங்கச் செய்வது குளிரன்று, ஒலி. வெப்பநிலை மாறும்போது பனி விரிந்தும் சுருங்கியும் முறிகிறது. அம்முறிவு ஏரியின் ஒரு கரையில் தொடங்கி, பாதத்தின் கீழே ஓடி, மறுகரையில் போய் அடங்கும். சில வேளை இடியின் முழக்கம். சில வேளை இழுத்துக் கட்டிய கம்பியைத் தட்டியதுபோன்ற கூர்ந்த விம்மல். ஓடு தடித்து வளர்கின்ற கடுங்குளிர் இரவுகளிலேயே இவ்வொலி மிகுதி. ஆறாம் திணைக்குப் பறை தேடுவோர் இதனைக் கருதலாம். விரிந்த பனி நெருக்குண்டு வரப்புபோல் மேடிடுவதும் உண்டு. ஜப்பானின் சுவா ஏரியில் அவ்வரப்பைத் தெய்வம் கடந்து சென்ற தடம் என்று போற்றி, அது தோன்றும் நாளைக் கோயிற் பூசகர்கள் 1443 முதல் குறித்துவந்திருக்கிறார்கள். அண்மைப் பல ஆண்டுகளில் அத்தடம் தோன்றவில்லை என்பதையும் அதே ஏட்டில் குறித்திருக்கிறார்கள். மினசோட்டாவில் அவ்வரப்பு தெய்வமன்று. வண்டிகளை விழுங்கும் இடம்.

ஆடையைப் பற்றி ஒரு சொல் போதும்: பருத்தி கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு அது உடலைக் குளிர்விக்கும். கம்பளியாடை அடுக்கடுக்காக வேண்டும்; நடக்கும்போது கழற்றி, உட்காரும்போது அணிய வேண்டும்.

துளையிட, திருகு வடிவான துரப்பணம். கையால் சுற்றுவதும் உண்டு, பொறியால் சுற்றுவதும் உண்டு. வால்ஐக்கு எட்டு அங்குல விட்டம் போதும். துளையில் மிதக்கும் துகளை அகற்ற, பலகாரம் பொரிக்கும் ஜல்லிக்கரண்டி போன்ற ஒன்று. கோல் மிகக் குட்டையானது, இரண்டரை அடி அளவு. ஆற்றங்கரைத் தூண்டிலைக் கண்ட கண்ணுக்கு விளையாட்டுப் பொருள்போல் தோன்றும். துளைக்கு நேர்மேலே அமர்ந்திருப்பவருக்கு நரம்பை வீசி எறியும் தேவை இல்லை. நரம்பு ஆறு முதல் எட்டு இறாத்தல் தாங்குவதாக இருந்தால் போதும். மினசோட்டாவில் உறைந்த நீரில் ஒருவர் இரண்டு தூண்டில்கள் இடலாம். கோடையில் ஒன்றுதான். ஆகவே இரண்டு துளைகள், இரண்டு முறைகள்.

முதல் துளையில் வேலை. சிறு உலோகத் தகட்டின் முள்ளில் சிறுமீனின் தலையை மட்டும் கோத்து இறக்குவார்கள். அடி தொடும்வரை விட்டு, நரம்பு தளர்ந்ததும் ஓரடி மேலே இழுத்து, மீண்டும் விழவிட்டு, சேற்றில் இரண்டு மூன்று முறை தட்டிச் சிறு புகை எழுப்புவார்கள். பிறகு அசையாமல் பிடிப்பார்கள். தொடங்குபவர்கள் தவறுவது இந்த அசையாமையில். இழுப்பும் விழுப்பும் மீனை அழைக்கும் குரல். வந்த மீன் வாய் திறப்பது தகடு அசையாது நிற்கும் பொழுதில். ஐந்து விநாடி, பத்து விநாடி, சில நாள்களில் அரை நிமிடம். கை குளிரில் தானே நடுங்கும். அந்நடுக்கம் போதிய அசைவு என்பார் அங்குள்ள முதியோர்.

இரண்டாம் துளையில் அமைதி. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் மெல்லக் கோத்த உயிருள்ள சிறுமீன், ஒரு சிறு ஈயக்குண்டு, ஒரு தக்கை. இரை அடியிலிருந்து ஓரடி உயரத்தில் தானே நீந்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். முதல் துளையின் ஆரவாரம் கேட்டு வந்து, அதை நம்பாமல் விலகிய மீன் பல வேளை இதனை எடுக்கும். தக்கை பாய்ந்து மூழ்காது. ஐயத்தோடு கீழே இறங்கும். உடனே இழுப்பவர் வெறும் முள்ளைப் பெறுவார். நரம்பை விரல்களில் எடுத்து, மறுமுனையின் கனம் நிலைபெற்றது என்று தெரிந்தபின் இழுக்க வேண்டும்.

ஒலியலையால் ஆழம் காட்டும் கருவி இப்போது ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது. வட்ட முகத்தில் வண்ணக் கோடுகள்: அடிநிலம் ஒன்று, தொங்கும் தகடு ஒன்று, மூன்றாவது கோடு தோன்றினால் மீன். தகட்டுக் கோட்டை அது நெருங்கி, நின்று, மங்கி மறைவதைக் கண்ட பிறகே, எத்தனை மீன்கள் வந்து பார்த்துத் திரும்புகின்றன என்பது தொடங்குபவருக்குப் புலப்படும். முன்பு மீன் இல்லை என்று எண்ணிய நாள்களில் பலவும் மீன் மறுத்த நாள்கள்.

எங்கே துளையிடுவது என்பதற்குப் பருவமே விடை. முதற்பனியில், டிசம்பரில், கரையோரத்துச் சரிவுகளில் எட்டு முதல் பதினைந்து அடி ஆழத்தில். தை மாதக் கடுங்குளிரில் மீன் ஆழ்ந்த நடுப்பகுதிக்கு, சேற்றுத் திட்டுகளின் விளிம்புக்குச் செல்லும். குளிர்காலத்தின் இறுதியில் முட்டையிடும் இடங்களை நோக்கித் திரும்பத் தொடங்கும். ஆனால் பெரும்பாலான ஏரிகளில் வால்ஐ பிடிக்கும் பருவத்தை மாநிலம் பிப்ரவரி இறுதியிலேயே முடித்துவிடுகிறது. குடிலுக்குள் அடுப்பு வைப்போர் காற்றுப்போக்கியைத் திறந்துவைக்க வேண்டும். மணமற்ற கார்பன் மோனாக்சைடு, பனி உடைவதைக் காட்டிலும் ஓசையின்றிக் கொல்வது.

இதுவரை சொன்னவை ஒரு பருவத்தில் பழகிவிடக் கூடியவை. ரெட் லேக்கின் கதை அவ்வாறு பழகிவிடுவதன்று.

மேல், கீழ் என இரு பகுதிகளாக ஆயிரத்து நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த அவ்வேரி, ரெட் லேக் ஓஜிப்வே குலத்தின் வாழ்வு. 1889ல் அமெரிக்க அரசு ஓஜிப்வேயரின் பொதுநிலங்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பங்கிட்டு, எஞ்சியதை விற்க முனைந்தது. மெத்வேகனோனிந்த் என்னும் முதிய தலைவரின் முன்னிலையில் ரெட் லேக் தலைவர்கள் பங்கீட்டை மறுத்தனர். பெரும்பரப்பை இழந்தபோதிலும், எஞ்சியதைத் தனியுடைமை ஆக்காமல் பொதுவில் வைத்துக்கொண்டனர். இன்றும் அந்நிலம் அவ்வாறே இருக்கிறது. ஏரி முழுவதும் தமக்கே என்று அவர்கள் கருதினர். வரைபடத்தில் விழுந்த கோடோ மேல் ஏரியின் கிழக்குப் பகுதியை வெட்டி மாநிலத்தின் பக்கம் தள்ளிவிட்டது. அக்கோட்டைக் குலத்தவர் மறக்கவில்லை.

முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டில், 1917ல், அங்கு வணிக மீன்பிடிப்புத் தொடங்கியது. எண்பதாண்டுகள் அம்மீன் வீடுகளை நடத்தியது. 1990களில் ஏரி வற்றியதுபோல் ஆயிற்று. நீர் வற்றவில்லை, வால்ஐ வற்றியது. குலத்தவரின் வலைகள், கணக்கில் வாராத களவு விற்பனை, கோட்டுக்கு அப்பால் மாநிலத்துத் தூண்டிற்காரர்கள் என எல்லாரும் சேர்ந்து எடுத்தது அது. ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதற்கு வேண்டிய சான்றுகள் இரு பக்கமும் நிறைய இருந்தன. அந்நிலையில் 1997ல் குலத்தின் மீனவர்களே கூடி வாக்களித்துத் தம் வலைகளை நிறுத்தினர். இச்செயலின் எடையைக் கவிஞர்கள் சிறிது நின்று நோக்க வேண்டும். வேறு தொழில் அரிதான ஓர் ஊரில், கையிலிருக்கும் தொழிலைத் தாமே விடுவது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். மாநிலம் 1999ல் தன் பக்கத்து நீரிலும் வால்ஐ பிடிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டில் குலமும் மாநிலமும் கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டன. 1999, 2001, 2003 ஆகிய மூன்று வசந்தங்களில் பல கோடி மீன்குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. இடைக்காலத்தில், வால்ஐ இல்லாத வெற்றிடத்தில் கிராப்பி என்னும் வேறொரு மீன் பெருகியது. கோட்டுக்கு இப்பால் தூண்டிற்காரர்கள் அதற்காகத் திரண்டனர். அப்பால் படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. 2006ல் ஏரி மீண்டும் வால்ஐக்குத் திறக்கப்பட்டது. எவரும் எதிர்பார்த்ததைவிட விரைவில் மீன் மீண்டது.

இன்றும் தொடங்குபவர் ஒருவர் மேல் ரெட் லேக்கில் துளையிடும்போது அக்கோடு எங்கே செல்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். குலத்துக்குரிய நீர்ப்பரப்பில் குலத்தின் இசைவின்றிப் பிறர் மீன்பிடிக்க உரிமை இல்லை. பனியின்மேல் அக்கோடு கண்ணுக்குத் தெரியாது.

மில் லாக்ஸ் ஏரியிலும் இதே வழக்கு வேறு உருவில் நடந்தது. 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்த ஓஜிப்வேயர், மீன்பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 162 ஆண்டுகள் கழித்து ஒரு சொற்றொடருக்குக் கிடைத்த பொருள்! ஏரிக்கரையில் அது நெடுநாள் கசப்பை விட்டுச் சென்றது. பின்னர் 2015 ஆகஸ்டில், வால்ஐ குறைந்துவிட்டதென்று மாநிலம் அங்குப் பருவத்தை இடையிலேயே நிறுத்தியபோது, பலர் குலத்தவரின் வலைகளைக் காரணம் காட்டினர். ஆய்வாளர்கள் சுட்டியது பெரிதும் வேறு. குஞ்சுகள் பொரிக்கின்றன, வளர்ந்து பெரிதாகுமுன் மறைகின்றன. ஏரிநீரும் முன்பிருந்ததைவிடத் தெளிந்துவிட்டது. 2005ல் அவ்வேரியில் கண்டறியப்பட்ட அயல்நாட்டு வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டிப் பளிங்காக்குவதில் வல்லவை. தெளிந்த நீர் மனிதருக்கு அழகு. மங்கலில் வேட்டையாடப் பிறந்த கண்ணுக்கு அது நாடு இழந்த நிலை.

இறுதியாக, பிடித்த மீனைப் பற்றி. பதினைந்து பதினாறு அங்குல மீன் உணவுக்குச் சிறந்தது. முள் குறைவு, சதை வெண்மை. கன்னத்தில் உள்ள சிறு சதைத் துண்டுகளையே சுவையில் முதலாவதாகச் சொல்வர். பெரிய மீன் பெரும்பாலும் பெண். வசந்தத்தில் இடவேண்டிய முட்டைகளைக் குளிர்காலம் முழுவதும் வயிற்றில் சுமந்து திரிவது. அதனை மீண்டும் விடுவதே அங்கு நல்ல வழக்கம். பல ஏரிகளில் சட்டமும் அதுவே. விடுவதிலும் ஒரு முறை உண்டு. வால்ஐயின் காற்றுப்பை மூடியது. காற்றை வாய்வழி வெளியேற்ற அதனால் இயலாது. முப்பதடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து இழுக்கப்பட்டால் பை விரிந்து உள்ளுறுப்புகள் நைந்துவிடும். விட்டாலும் பிழைப்பது அரிது. ஆகவே விட எண்ணுபவர் அவ்வாழத்தில் தூண்டிலே இடலாகாது. ஆழம் குறைந்த இடத்தில் பிடித்ததையும் பனியின்மேல் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சுழியத்துக்குக் கீழே இருபது பாகையில் செவுள்கள் சில நொடிகளில் உறையத் தொடங்கும். ஒளி வாங்கும் அந்தக் கண்ணும் உறையும். துளையின் வாயிலேயே, நீரிலிருந்து முழுதும் எடுக்காமல் முள்ளைக் கழற்றி, தலைகீழாக நழுவவிட வேண்டும்.

வெளிச்சம் முற்றும் போனபின் தூண்டில்களைச் சுற்றிக்கொண்டு கிளம்புமுன், துளைகளைத் துகள்பனியால் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு மரக்கிளையை நட்டுவிட்டுச் செல்வார்கள். இரவில் அவை தோல் கட்டிக்கொள்ளும். மேலே புதுப்பனி பொழிந்தால் இடம் தெரியாது. காலையில் அவ்வழியே நடந்துவருபவர் யாரோ, அவருக்காக அந்தக் கிளை.